கரும்பலகைக்கு இந்தப் பக்கம் – 17: கொம்பும் காலும்

சென்ற வாரம் ஹால் டிக்கெட் தொலைத்த மாணவியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "எழுத வராத பையன் ஒருத்தன் இருந்தானே, அவனைப் பத்தி எப்ப எழுதப் போறீங்க?" என்றார். எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதையில் முதல் ஆறு வாரம் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே பிடிக்காது.

2022 ஆகஸ்ட். நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு, தமிழ்வழி. முதல் இன்டர்னல் தேர்வின் தாள்கள் மேசையில் கிடந்தன. பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று: வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை விவரி. ஒரு தாளில் அதற்கு ஏழே வரி. முதல் வரியை அப்படியே தருகிறேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

"வேலுர் கேட்டையில் சிப்பய்கள் தெப்பி பேட மட்டேம் என்றர்கள்."

சிவப்பு மையில் எல்லாச் சொல்லையும் சுழித்தேன். பத்துக்கு ஒன்றரை போட்டேன். அடுத்த தாளை எடுத்தேன். மொத்தம் நாற்பது விநாடி ஆகியிருக்கும். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்கு அந்த வேகம் தானாக வந்துவிடும். கண் பக்கத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், கை எண்ணைப் போடும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கட்டு முடிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி எழுதுகிறவன் கல்லூரிவரை எப்படி வந்தான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன், அதுவும் துறை அறையில் எல்லார் முன்னாலும், சத்தமாக. விடை ஒன்றும் மர்மமில்லை. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்தைத் தொட்டுத் தப்பியிருந்தான். 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் உள்மதிப்பீட்டையும் வைத்து எல்லாருக்கும் தேர்ச்சி போட்டார்கள். கல்லூரியின் முதல் பருவத் தேர்வும் வீட்டில் எழுதி அனுப்புவதாகப் போயிற்று. அவனுக்கு அத்தை மகள் எழுதித் தந்தாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பேனாவும் தாளுமாகத் தேர்வு அறையில் அவன் தனியாக உட்கார்ந்தது இரண்டாம் பருவத்தில்தான். ஐந்து அரியர்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். முன் பெஞ்சுகள் நோட்ஸைப் புரட்டின. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். கட்டைக் குரல், ஆனால் தெளிவு. "1806, ஜூலை பத்தாம் தேதி மேடம், விடியக்காலைல…" என்று தொடங்கியவன் எட்டு நிமிடம் நிறுத்தவில்லை.

தோல் பட்டையும் குஞ்சமும் வைத்த புதுத் தலைப்பாகை. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை ஒதுக்க வேண்டும் என்ற உத்தரவு. கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள். முந்தின நாள் நடந்த திப்பு மகளின் கல்யாணம். மதில் மேல் ஏறிய மைசூர்க் கொடி. பதினாறு மைல் தள்ளி ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு பாய்ந்து வந்த கில்லெஸ்பி, கயிற்றைப் பிடித்து மதில் ஏறியது. அதற்குப் பிறகு நடந்த கொலைகள். கவர்னர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் அடுத்த வருடம் திரும்ப அழைக்கப்பட்டது. இதில் பாதியை நான் பாடத்தில் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். மீதி அவன் எங்கோ யூடியூபில் கேட்டது. அந்தக் கேள்விக்கு வகுப்பிலேயே நல்ல விடை அதுதான். பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம். நான் கொடுத்திருந்ததோ ஒன்றரை.

"இதை ஏன்டா எழுதலை?" என்றேன்.

"வாயில வர்றது கையில வரமாட்டேங்குது மேடம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதுதான் நான் தயங்கிய விஷயத்தில் பாதி.

மீதிப் பாதி, அதன்பின் நான் செய்த உதவி. பிழையான சொற்களைச் சொல்லுக்குப் பத்து முறை எழுதிவரச் சொன்னேன். என் காலத்து வைத்தியம் அது. மறுநாள் கொண்டுவந்தான். 'கோட்டை' முதல் மூன்று முறை சரியாக இருந்தது, நான்காவதில் கால் விழுந்தது, ஏழாவதில் 'கேடடை', பத்தாவதில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல். கவனமில்லை, அக்கறையில்லை என்று திட்டினேன். ஆறு வாரம் இப்படியே ஓடிற்று. நாளாக நாளாக அவன் கையெழுத்து மோசமாயிற்று. பிறகு வகுப்புக்கு வருவதையே குறைத்துக்கொண்டான்.

அக்டோபரில் ஒரு நாள், துறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய நோட்டு கையில் பட்டது. எழுதாத ஒரு பக்கத்தைத் தொட்டேன். தாள் முழுக்கக் குழியும் மேடுமாக இருந்தது. முன் பக்கத்தில் எழுதியதன் அழுத்தம் மூன்று நான்கு தாள் தாண்டி இறங்கியிருந்தது. விரலை ஓட்டினால் எழுத்து தெரிந்தது. எனக்கு மைப்படி ஞாபகம் வந்தது.

எம்.ஏ. படித்தபோது எங்களை உத்திரமேரூருக்கு அழைத்துப்போனார்கள். பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுப்பதை அங்கே பார்த்தேன். அந்தக் கல்லில் புள்ளி தேடினால் கிடைப்பது அபூர்வம். 'எ'வா 'ஏ'யா, 'கொ'வா 'கோ'வா என்பதை இடம் பார்த்து நாமே முடிவுசெய்ய வேண்டும். ஒரே ஒரு சிதைந்த எழுத்தின் முன்னால் நாங்கள் நான்கு பேர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். வெட்டியவன் மடையன் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. அவன் எதையோ சொல்ல வந்திருக்கிறான், அது என்ன என்பதுதான் எங்கள் கேள்வி. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் போன ஒருவனுக்கு ஒரு மதியத்தைக் கொடுத்த நான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கொடுத்தது நாற்பது விநாடி.

அன்று இரவு வீட்டில் அந்த ஏழு வரியையும் கல்வெட்டு படிப்பது போலப் படித்தேன். பென்சிலால் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோடு போட்டு, வகை பிரித்தேன். பிழைகள் அறுபதுக்கு மேல். வகைகள் ஐந்து. அதிலும் முக்கால்வாசி ஒரே வகை. மேலே தந்திருக்கும் வரியை மறுபடி பாருங்கள். 'கேட்டை', 'தெப்பி', 'பேட', 'மட்டேம்', 'என்றர்கள்', 'சிப்பய்கள்'. தேவையான இடத்தில் ஒரு துணைக்காலை நட்டுவிட்டால் வரி எழுந்து நிற்கும். வேலூரின் 'லூ' ஒன்றைத் தவிர அவன் எல்லாவற்றையும் ஒரே விதத்தில் தவறவிட்டிருக்கிறான். இது கவனக்குறைவு இல்லை. கவனமில்லாதவன் இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யமாட்டான்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஏன் கால் போடறதில்லை?" என்று மட்டும் கேட்டேன். கோபமில்லாமல் நான் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன். அவன் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தான்.

"மூணாங்கிளாஸ்ல மேடம், நான் கால் போட்டா அது 'ர' மாதிரி ஆயிடும். 'ர' போட்டா கால் மாதிரி ஆயிடும். எது எதுன்னே தெரியாது. அதுக்கே தினமும் அடி. அப்புறம் ஒரு நாள் போடாம விட்டுட்டேன். போட்டா கண்டிப்பா தப்பு. போடாட்டி சில சமயம் டீச்சர் கவனிக்கமாட்டாங்க."

எட்டு வயதில் ஒரு பிள்ளை அடியிலிருந்து தப்பக் கண்டுபிடித்த வழி. அது இருபது வயதுவரை கூடவே வந்துவிட்டது. அவன் எழுதியதில் பிழை என்று நான் சுழித்தது எல்லாம் அவனைப் பொறுத்தவரை ஒரு ஏற்பாடு.

நம் எழுத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது; எழுதப் பழகிய நமக்கு அது மறந்துபோகும். 'கொ' என்று சொல்லும்போது வாய் முதலில் 'க்' என்கிறது, பிறகு 'ஒ' என்கிறது. கையோ முதலில் கொம்பு போட வேண்டும், பிறகு 'க', பிறகு கால். பாதி உயிர் மெய்க்கு முன்னால், பாதி பின்னால். காது கேட்கும் வரிசை ஒன்று, கை போகும் வரிசை இன்னொன்று. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் அரசு ஏற்றபோது யானைத் தும்பிக்கை போட்ட 'ணை', 'லை'யெல்லாம் போயிற்று. கொம்பும் காலும் அப்படியே நின்றுவிட்டன. பெரும்பாலான பிள்ளைகள் இதை இரண்டாம் வகுப்பிலேயே தாண்டிவிடுகிறார்கள். சிலரால் முடிவதில்லை. இதில் ஒரு வேடிக்கை: போனில் தட்டும்போது முதலில் 'க'வைத் தொட்டு, பிறகு 'ொ'வைத் தொட வேண்டும். வாயின் வரிசை. அந்தப் பையனுக்குப் போனில் அந்தப் பிழை பாதியாகக் குறைந்துவிடும்.

ர, ற கதை வேறு. 'சின்ன ர, பெரிய ற', 'ரெண்டு சுழி ன, மூணு சுழி ண' என்று சொல்லித்தருகிறோம். பெயரைப் பாருங்கள், எல்லாம் உருவத்தை வைத்து. ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒரே ஒலிதான். காதால் பிரிக்க முடியாததைக் கண்ணால் பிரி என்கிறோம். கண்ணில்தான் சிக்கல் உள்ளவன் என்ன செய்வான்? அவன் மேசைக்கு அடியில் விரல்விட்டுச் சுழி எண்ணுவதைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன்.

பிழைகளை வகை பிரித்துக் காரணம் தேடும் இந்த வேலையை எனக்கு முன்னால் ஒருவர் பெரிய அளவில் செய்திருக்கிறார் என்பது ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு பழைய புத்தகம் அனுப்பினான். மினா ஷாக்னெஸி எழுதிய 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', 1977. தெற்கு டகோட்டாவில் தங்கச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர், நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஆசிரியர். 1969-ல் கறுப்பின, போர்ட்டோரிக்கோ மாணவர்கள் அந்தக் கல்லூரியின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினார்கள். 1970 முதல் அந்த நகரத்தில் பள்ளிப் படிப்பு முடித்த யாருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்றானது. வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு ஒரு பத்தி எழுத வரவில்லை. கல்லூரியின் தரம் போச்சு என்று பேராசிரியர்கள் புலம்பியபோது, இந்த அம்மாள் புதிதாக வந்த மாணவர்கள் எழுதிய நாலாயிரம் கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, மாணவன் தானே வகுத்துக்கொண்ட விதி ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் திருத்த முடியாது என்பது அவர் கண்டது. அவர்கள் மந்தமானவர்கள் இல்லை, தொடக்கக்காரர்கள் என்றார். அதே கல்லூரியில் கவிஞர்கள் ஏட்ரியன் ரிச்சும் ஆட்ரி லார்டும் பாடம் எடுத்திருக்கிறார்கள். 1847-லிருந்து இலவசமாக இருந்த கல்லூரியில் 1976-ல் கட்டணம் வந்தது, ஆசிரியர்களைக் குறைத்தார்கள். புத்தகம் வந்த அடுத்த வருடம் ஷாக்னெஸி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். வயது 54.

முதல் கட்டுரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததை அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் வெட்கம். அவர் திகைத்து நின்ற இடத்தில் நான் இம்போசிஷன் கொடுத்திருந்தேன்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். செவ்வாய், வியாழன், மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரைவரை. அதற்குமேல் அவனால் இருக்க முடியாது. சவுண்டு சர்வீஸில் வேலை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா. சில நாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கடைத் திறப்பு அறிவிப்பு. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. "நோட்டீஸை எப்படிடா படிக்கிறே?" என்று கேட்டேன். படிப்பதில்லை. முதலாளியை ஒரு தடவை படித்துக்காட்டச் சொல்வானாம், அப்படியே மனப்பாடமாகிவிடுமாம். நோட்டீஸைக் கையில் பிடித்திருப்பது ஊருக்காக. பன்னிரண்டு வருடம் பள்ளியிலும் அவன் செய்தது இதைத்தான்.

முதலில் துணைக்காலை மட்டும் எடுத்துக்கொண்டோம். வேறு எந்தப் பிழையையும் நான் தொடுவதில்லை என்று ஒப்பந்தம். கை அரித்தது, சும்மா இருந்தேன். 'ர'வுக்கும் காலுக்கும் அவனே ஒரு வித்தியாசம் கண்டுபிடித்தான்: 'ர'வின் அடியில் ஒரு சாய்வுக் கோடு இழுப்பது, மைக் ஸ்டாண்டுக்கு அடிக்கால் மாதிரி. காலுக்கு அந்த அடிக்கால் கிடையாது. என் பங்கு அதில் ஒன்றுமில்லை. இரண்டு கோடு நோட்டு வாங்கிக்கொடுத்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது. அதற்குப் பிரவுன் அட்டை போட்டு, மேலே 'இந்திய அரசமைப்பு' என்று யாரையோ எழுதச் சொல்லி ஒட்டிக்கொண்டு வந்தான். மெல்லிய ஜெல் பேனாவை விட்டுவிட்டுத் தடித்த பால்பாயிண்ட் வந்தது. அழுத்தம் ஒரு தாளோடு நிற்கப் பல வாரம் ஆயிற்று. அதுவரை அரைப் பக்கம் எழுதினால் கட்டைவிரலை உதறிக்கொள்வான்.

ஆனால் எழுத்து சரியாக வந்தாலும் வாக்கியம் வரவில்லை. இதுதான் எனக்குப் பிடிபட நாள் ஆன விஷயம். தொடங்குவான், நடுவில் நிற்பான், அடிப்பான், மறுபடி தொடங்குவான். ஒரு நாள் சொல்லிக்கொண்டே எழுது என்றேன். வாய் சொன்னது: "சிப்பாயிங்க தலைப்பாவ கழட்டி கீழ போட்டுட்டாங்க." கை எழுத வேண்டியது: "சிப்பாய்கள் தங்கள் தலைப்பாகைகளைக் களைந்தெறிந்தனர்." நோட்ஸில் அப்படித்தான் இருக்கும். இடையில் அவன் ஒரு முழு மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தான். 'போட்டுட்டாங்க'வை 'எறிந்தனர்' ஆக்கி, ஒற்று மிகுமா என்று பார்த்து, அதற்குள் சுழி எண்ணி, காலை நட்டு, பேனாவையும் பிடிக்க வேண்டும். இவ்வளவும் ஒரே நேரத்தில். தாய்மொழியில் எழுதுவதுதானே, என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் தமிழ்வழியில் படித்த முதல் தலைமுறைப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாம் எழுதும் தமிழ் அவர்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழ். பத்திரிகை வாங்காத, புத்தகம் இல்லாத வீட்டில் அது பள்ளிக்கூடத்து மொழி, அவ்வளவுதான்.

அதனால் 'னர்' எல்லாவற்றையும் தூக்கினோம். 'எறிந்தனர்' வேண்டாம், 'போட்டார்கள்' போதும். ஒரு வாக்கியத்தில் ஒரு வினை. ஏழெட்டுச் சொல்லுக்குள் முற்றுப்புள்ளி. 'ஆகவே', 'எனினும்', 'இதன் காரணமாக' போன்ற கைத்தடிகள் வேண்டாம். தமிழ்த் துறை நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "மொழியையே சுருக்கிட்டீங்களே மேடம்" என்று வருத்தப்பட்டார். வரலாறு எழுதுவதற்கு எனக்கு அந்தச் சுருங்கின தமிழ் போதுமானதாகவே இருந்தது. உண்மையில் வகுப்பில் பலர் எழுதுவதைவிட அது தெளிவு.

போனும் உதவியது. விடையை முதலில் பேசிப் பதிவுசெய்வான், பிறகு கேட்டுக் கேட்டு நிறுத்தி நிறுத்தி எழுதுவான். பேசினால் எழுத்தாக்கும் வசதியையும் அவனே கொண்டுவந்து காட்டினான். 'சிப்பாய்' ஒழுங்காக வந்தது. கில்லெஸ்பிக்கு அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் வைத்தது. ஒரு தடவை 'கல்லிடைக்குறிச்சி' என்றது. இருவரும் அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். தான் சொன்ன சொல் திரையில் சரியான எழுத்தோடு வந்து நிற்பதைப் பார்ப்பது அவனுக்குப் புதிது. தேர்வு அறைக்குள் அந்தப் போனைக் கொண்டுபோக முடியாது என்பது வேறு.

தேர்வு ஒரு தனிக் கலை. 75 மதிப்பெண், மூன்று மணி நேரம். நல்ல கையுள்ளவன் கடைசிப் பத்து மதிப்பெண்ணை நான்கு பக்கம் இழுப்பான். இவனுக்கு முப்பது எடுத்தால் போதும். வரிசையை மாற்றினோம்: கை களைக்காத முதல் ஒரு மணி நேரத்தில் பத்து மதிப்பெண் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைப் பக்கம், கடைசியில் இரண்டு மதிப்பெண் கேள்விகள். திருத்துகிறவர் கண் வழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? வழுக்குகிற கண் நின்று பார்க்கும் இடங்களில், அதாவது ஆண்டு, பெயர், துணைத்தலைப்பு ஆகியவற்றில் மட்டும் பிழையே இருக்கக் கூடாது என்று பழக்கினேன். இது கல்வியா, தந்திரமா என்று கேட்டால், தந்திரம்தான்.

நவம்பரில் என் பாடத்தில் 32 எடுத்தான். மற்ற நான்கில் இரண்டு போயிற்று.

அடுத்தது மருத்துவமனை. இது சும்மா எழுதப் பழகாத கை இல்லை, டிஸ்கிராபியா என்ற எழுதும் குறைபாடாக இருக்கலாம், கூடவே படிப்பதில் வரும் டிஸ்லெக்சியாவும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடு அதில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல், வேண்டுமானால் எழுதித்தர ஆள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஓர் இளைஞர், விகாஷ் குமார், சிவில் சர்வீஸ் தேர்வுக்கு ஆள் கேட்டுப் போட்ட வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நாற்பது சதவீதக் குறைபாடு இருந்தால்தான் எழுத ஆள் தருவோம் என்பது சரியில்லை என்றது. சட்டமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

நாங்கள் போன இடத்தில் இருந்த டாக்டர் நல்லவர். "இருபது வயசா? இந்த டெஸ்ட் சின்னப் பசங்களுக்கு எடுக்கிறது மேடம்" என்றார். அப்போதைய நடைமுறையும் அப்படித்தான்: எட்டு வயதில் ஒரு சான்றிதழ், பதினான்கில் ஒன்று, பதினெட்டில் ஒன்று, கடைசியது ஆயுளுக்கும் செல்லும். எட்டு வயதில் அடி மட்டும் வாங்கியவனுக்கு அந்த ஏணியில் முதல் படியே கிடையாது. நான்கு முறை போனோம். காலையில் டோக்கன், மதியம் 'அடுத்த வாரம்'.

இரண்டாவது முறை அவன் அம்மாவும் வந்தார். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, இந்தச் சீட்ட வாங்கினா நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? கை கால் நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டார். நான் சட்டம், சலுகை என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. சான்றிதழுக்காக அவசரப்பட்டேனோ என்று இப்போதும் சில சமயம் தோன்றும். ஒரு வழியாக 2023-ல் கிடைத்தது. அதை வீட்டில் வைக்காமல் துறை அலமாரியிலேயே வைத்திருக்கச் சொன்னான்.

எழுத ஆள் வேண்டாம் என்றான். நான் வற்புறுத்தினேன், ஆள் வைத்திருந்தால் எல்லாப் பாடத்திலும் அறுபதைத் தாண்டியிருப்பான். "மைக்ல பேசுறதெல்லாம் அடுத்தவங்க எழுதிக் குடுத்தது மேடம். இதையாவது என் கையே எழுதட்டும். டைம் மட்டும் வாங்கிக் குடுங்க." இன்றும் எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவன் தேர்வு, அவன் கை. நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதினான்.

இதற்கிடையில் எங்கள் துறையில் எல்லாருக்கும் அவன் மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. ஒருவர் 'தாரே ஸமீன் பர்' இந்திப் படத்தைப் பார்க்கச் சொன்னார், எழுதப் படிக்கத் திணறும் சிறுவன் ஓவியத்தில் ஜெயிக்கும் கதை. இன்னொருவர் ராமானுஜன் கதையைச் சொன்னார்: கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தவர்தானே கணித மேதை ஆனார் என்று. நல்ல மனதோடு சொன்னார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. இவன் படம் வரைவதில்லை. கணக்கில் முப்பத்தைந்து. வரலாறு பிடிக்கும், குரல் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே மேதை ஒளிந்திருந்தால்தான் ஒருவனுக்குத் துணைக்கால் சொல்லித்தருவோமா?

2024-ல் அவன் வகுப்பு வெளியேறியபோது அவனுக்கு மூன்று அரியர் பாக்கி. இரண்டை அந்த நவம்பரில் முடித்தான். ஆங்கிலம் ஒன்று இன்னும் நிற்கிறது. சொந்தமாக ஒரு ஆம்பிளிபயரும் நான்கு பாக்ஸும் வாங்கிவிட்டான். நானும் ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவான், "வணக்கம் மேடம்" என்று பொதுக்கூட்டத்தில் தொடங்குவதுபோல.

இந்தப் பொங்கலுக்குக் குரல் வரவில்லை, ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட தாள், தடித்த பால்பாயிண்ட், கையெழுத்து. "பெங்கல் வாழ்த்துகள் மேடம். இந்த வருடம் நன்றாக இருக்க வேண்டும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். "பொங்கல் வாழ்த்துகள் தம்பி" என்று பதில் அனுப்பினேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து போன் சிணுங்கியது. திரையில் ஒரே ஒரு குறி, முன்னால் எழுத்து எதுவும் இல்லாமல் தனியாக நின்றுகொண்டு:

"ா"